மனை போடுவதற்கு முன்னால் பக்கத்து ஊரைக் கேட்டால் என்ன?

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் ஏர்வாடியிலிருந்து வாலிநோக்கம் போகிற ரோட்டிலோ, உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகிற வழியிலோ இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள். சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்த இடத்தை ஜேசிபி வைத்து வழித்துவிட்டு, வெள்ளைக்கல் ஊன்றி, கிராவல் ரோடு போட்டு, கலர் கொடி கட்டியிருப்பார்கள். வாசலில் 'கடற்கரை அருகில் மனைகள்' என்று பெரிய போர்டு. பக்கத்து ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியவருவது அந்தப் போர்டைப் பார்த்துத்தான். அதற்குள் நிலம் கைமாறி, சர்வேயர் வந்து அளந்து, வரைபடம் தயாராகி, விண்ணப்பம் மேலே போய், பல சமயம் அனுமதியும் வந்து முடிந்திருக்கும்.

இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் என்ன? வெளிநாடுகளில் பல ஊர்களில் அப்படி ஒரு விதி இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏதாவது கட்டப்போகிறவர், மனை பிரிக்கப்போகிறவர், நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கப்போகிறவர், அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, படத்தை விரித்துவைத்து, இதைத்தான் செய்யப்போகிறேன் என்று பேசியாக வேண்டும். பேசியதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். வசதிக்காக இதை முன்கூட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முன்கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. ஊர் வேண்டாம் என்று சொன்னதாலேயே திட்டம் நின்றுவிடாது, சரி என்று சொன்னதாலேயே அனுமதி கிடைத்ததாகவும் ஆகாது. முடிவெடுப்பது எப்போதும்போல அந்தந்த அலுவலகம்தான். அப்புறம் எதற்குக் கூட்டம் என்றால், எல்லாம் நேரத்தைப் பொறுத்த விஷயம். ரோடு எந்தப் பக்கம் வரும், செப்டிக் டேங்க் எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதெல்லாம் பென்சில் கோடாக இருக்கும்வரை மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. கட்டணம் கட்டி, நாலைந்து துறைகளில் தடையின்மைச் சான்று வாங்கி, வங்கியில் கடன் பேசி, வாங்குகிறவர்களிடம் அட்வான்ஸும் வாங்கிய பிறகு ஒரு கோட்டை நகர்த்தச் சொன்னால் யார் நகர்த்துவார்கள்? கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, 'மாமா, உங்களுக்குத் தேதி தோதுப்படுமா' என்று கேட்கிற கதைதான்.

ஸ்காட்லாந்தில் இது சட்டமாகவே இருக்கிறது. 2006-ல் அங்கே திட்டமிடல் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. 50 வீடோ அதற்கு மேலோ, அல்லது 2 ஹெக்டேரோ (ஏறக்குறைய 5 ஏக்கர்) அதற்கு மேலோ வீட்டுத்திட்டம் என்றால் அது பெரிய திட்டம் என்ற கணக்கில் வரும். அப்படிப்பட்டவர் விண்ணப்பம் கொடுக்கக் குறைந்தது 12 வாரத்துக்கு முன்பே உள்ளாட்சிக்கு ஓர் அறிவிப்பு கொடுக்க வேண்டும்: இந்த இடம், இந்த வேலை, மக்களை இன்ன இடத்தில் இன்ன நாளில் சந்திக்கப்போகிறேன் என்று. உள்ளாட்சி அதைப் பார்த்துவிட்டு, 'இவர்களை விட்டுவிட்டீர்களே, இவர்களையும் கூப்பிடுங்கள்' என்று சேர்க்கலாம். பிறகு உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம், பொதுக்கூட்டம். முதலில் ஒரு கூட்டம் போதும் என்று இருந்தது, 2022 அக்டோபர் முதல் இரண்டு வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 14 நாள் இடைவெளி, முதல் கூட்டத்தில் சொன்னதற்கு என்ன பதில் என்று இரண்டாவதில் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரே கூட்டம் என்றால் காபி, பிஸ்கட் கொடுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். திரும்ப அதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சமாவது யோசித்துப் பேச வேண்டியிருக்கும். கடைசியில் யார் என்ன சொன்னார்கள், அதனால் என்ன மாறியது, மாறவில்லை என்றால் ஏன் என்று ஓர் அறிக்கை எழுதி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.

அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே விதி கிடையாது, ஊருக்கு ஊர் வேறு. மனையைச் சுற்றி இத்தனை அடிக்குள் இருக்கிற எல்லாருக்கும் தபால் போடு என்று சில ஊர்களில், நிலத்திலேயே போர்டு வை என்று சில ஊர்களில். சான் பிரான்சிஸ்கோவில் கூட்டத்தை வேலைநாள் என்றால் மாலையில் வை, இல்லையென்றால் சனி ஞாயிறில் வை என்று நேரத்தையே விதியாக எழுதிவைத்தார்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போகிற ஊர்களில், வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் ஞாயிற்றுக்கிழமை பூசையும் இருக்கிற கரையில், செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம் என்று எவனோ ஒருத்தன் நோட்டீஸ் ஒட்டினால் அந்தக் கூட்டத்துக்கு யார் வருவார்கள், யார் வரமுடியாது என்பது ஒட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பர் 14-ல் வந்தது. பெரிய தொழிற்சாலை, அனல்மின் நிலையம், துறைமுகம் மாதிரியான திட்டங்களுக்கு அதன்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமை வகிப்பார், 30 நாள் முன்னறிவிப்பு நாளிதழ்களில் வர வேண்டும், திட்டத்தின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகத்தான் பதிவாகும். இந்த 30 நாளைக்கூட 20 ஆகக் குறைக்கலாம் என்று 2020-ல் ஒரு வரைவு வந்து நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது நினைவிருக்கலாம்.

ஆனால் இந்தக் கருத்துக்கேட்பு முன்கூட்டம் ஆகாது. அந்த மேடையில் வைக்கப்படுவது தயாரான திட்டம். ஆலோசக நிறுவனம் எழுதிய நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை மேசையில் இருக்கும், போலீஸ் பந்தோபஸ்து வெளியே நிற்கும், மைக்குக்கு அடிதடி நடக்கும். 'இந்தக் குழாயைக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போட்டால் எங்கள் வலை பிழைக்கும்' என்று ஒருவர் நிதானமாகச் சொல்லக்கூடிய இடமா அது? ஆதரவா எதிர்ப்பா என்ற இரண்டே குரல்தான் அங்கே கேட்கும். நடுவில் இருக்கிற நூறு சின்னச் சின்ன விவரமும் அமுங்கிப்போகும்.

அதுவும் எல்லாத் திட்டத்துக்கும் இல்லை. கட்டடத் திட்டம், நகரியத் திட்டம் போன்றவை எவ்வளவு பெரிதானாலும் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று 2006 அறிவிக்கையிலேயே விலக்கு இருந்தது. 20,000 சதுர மீட்டருக்குக் கீழே கட்டடப் பரப்பு இருந்தால் அந்த அறிவிக்கையே பொதுவாகத் தொடாது. நம் கரையோரம் வருகிற ரிசார்ட்டுகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். எண்ணெய், எரிவாயு தேடும் சோதனைக் கிணறுகளை 2020 ஜனவரியில் கருத்துக்கேட்புத் தேவைப்படாத பி-2 வகைக்கு மாற்றினார்கள். 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்ட செய்தி வெளியே வந்தபோது, விவசாயிகளும் மீனவர்களும் 'எங்களிடம் யார் கேட்டார்கள்' என்று கொதித்ததற்குக் காரணம் இதுதான். யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று விதியும் இல்லை. அப்புறம் மாநில அரசே அந்தத் திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவிக்க வேண்டி வந்தது.

மனைப்பிரிவுக்கு வருவோம், ஏனென்றால் தினசரி நடப்பது அதுதான். நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு, அதாவது டிடிசிபிக்கு, ஆன்லைனில் விண்ணப்பம் போகும். வருவாய்த்துறை, நீர்வளத்துறை என்று இடத்துக்குத் தக்கபடி தடையின்மைச் சான்றுகள் கேட்பார்கள். ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசியில் ஊராட்சியோ பேரூராட்சியோ இறுதி அனுமதி தரும். இதில் எத்தனை கையெழுத்து இருக்கிறது பாருங்கள். எல்லாம் அலுவலகக் கையெழுத்து. அடுத்த புல எண்ணில் 40 வருஷமாகக் குடியிருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கிற கட்டம் எங்கேயும் கிடையாது. நில வகைப்பாட்டை மாற்றும்போது பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பது உண்டு, ஆனால் வெறும் புல எண்ணும் உட்பிரிவு எண்ணுமாக ஏழாம் பக்கத்து மூலையில் வருகிற அந்த விளம்பரத்தைப் படித்து, 'அட, இது நம்ம ஊருணிக்குப் பக்கத்து நிலமாச்சே' என்று கண்டுபிடிக்கிறவர் இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு.

கடற்கரை என்றால் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 2019 ஜனவரி 18-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் அதிகபட்சம் ஏறிவருகிற எல்லையிலிருந்து, நிலத்துப் பக்கம் 500 மீட்டர் வரை பொருந்தும். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும், அதில் மீனவர் உட்பட உள்ளூர்க் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று விதி. நல்ல விதி. ஆனால் அந்த மூன்று பேர் மாவட்டம் முழுவதற்கும். தொண்டியில் இருக்கிற ஒருவருக்கு மூக்கையூர்க் கரையில் எந்தப் பாதை வழியாக வலை போகிறது என்று எப்படித் தெரியும்?

பக்கத்து வீட்டுக்காரர் என்றால் யார்?

வெளிநாட்டு விதியை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாமல் போவது இந்த இடத்தில்தான். அங்கே அக்கம்பக்கம் என்றால் பெரும்பாலும் அடுத்த மனையின் சொந்தக்காரர், குடியிருப்பவர். முகவரி இருக்கும், தபால் போடலாம். ராமநாதபுரம் கரையில் ஒரு நிலத்தைப் பயன்படுத்துகிறவர் பெயர் பட்டாவில் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஓர் ஊரைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். மன்னார் வளைகுடாப் பக்கம், எதிரே தேசியப் பூங்காவில் சேர்ந்த 21 தீவுகளில் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற தூரம், இருநூறு வீடு. ஊருக்குக் கிழக்கே 12 ஏக்கர் பனங்காடும் மணல்மேடும். வெளியூரில் இருக்கிற ஒரு குடும்பத்தின் பட்டா. அவர்கள் அதை ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு விற்கிறார்கள். காகிதப்படி அந்த நிலத்துக்கு அக்கம்பக்கத்தார் மூன்று பேர்: வடக்கே இன்னொரு பட்டாதாரர், அவரும் சென்னையில், மேற்கே நெடுஞ்சாலைத்துறை, தெற்கே கடற்கரைப் புறம்போக்கு, அதாவது அரசாங்கம். இந்த மூன்று பேருக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு 'அக்கம்பக்கத்தாரைக் கேட்டாயிற்று' என்று எழுதிவிடலாம். ஊரே அதில் வராது.

இப்போது அந்தப் படத்தை ஊர்ச் சாவடியில் விரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மேனேஜர், கூட ஓர் இன்ஜினியர். மதில்சுவர் சிவப்புக் கோடாக நாலு பக்கமும் ஓடுகிறது. முதலில் ஊர்த்தலைவர் பேசுவார், அடுத்து இரண்டு பெரியவர்கள், வேலைவாய்ப்பு கேட்பார்கள், கோயில் கொடைக்கு நன்கொடை என்று பேச்சு போகும். பிறகு பின்னால் நிற்கிற ஓர் அம்மா, "தம்பி, நீங்க சுவரு வைக்கிற இந்த மூலையிலதான நாங்க பாசி காயப்போடுறோம், அதுக்கு என்ன வழி?" என்று கேட்பார். மேனேஜர் இன்ஜினியரைப் பார்ப்பார். இன்ஜினியர் படத்தைப் பார்ப்பார். படத்தில் பாசி இல்லை.

மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று தீவுப்பக்கம் போய்க் கடல்பாசி எடுத்துவந்து கரையில் பரப்பிக் காயவைத்து விற்கிற பெண்கள் இந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறார்கள். காயவைக்கிற இடம் அவர்களுக்குச் சொந்தம் கிடையாது, வாடகையும் கிடையாது, அம்மா காலத்திலிருந்து அங்கேதான் போடுகிறார்கள், அவ்வளவுதான். அதே மாதிரிதான் கரைவலை இழுக்கிற தளம், கருவாடு போடுகிற மணல், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வத்தையை, அதாவது சின்ன நாட்டுப்படகை, இழுத்து ஏற்றிவைக்கிற மறைவு. அப்புறம் பாதை. ஊரிலிருந்து கடலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அந்த 12 ஏக்கருக்கு நடுவே போகும், ஆனால் புலப்படத்தில், அதாவது நிலத்தை அளந்து வரைந்த அரசு வரைபடத்தில், வண்டிப்பாதை என்று குறிக்கவில்லை என்றால் சட்டத்தின் கண்ணுக்கு அது இல்லவே இல்லை. சுவர் எழும்பின மறுநாள் ஐந்து நிமிஷ நடை அரை மணி நேரச் சுற்றாகிவிடும், தலையில் வலையோடு.

இன்னொரு ஆள், வயசானவர், கிணற்றைப் பற்றிக் கேட்பார். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிய விஷயம். மணற்பாங்கான கரையில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேல் ஒரு படலமாக நிற்கிறது. நல்ல தண்ணீருக்கு எடை கொஞ்சம் குறைவு என்பதால் அது மேலே நிற்கும். நிலத்தடி நீர் படித்தவர்கள் இதற்கு ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க சந்தோஷமாக இருக்கும், ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். போர்வெல் போட்டு இழுத்து மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழே இருந்து உப்பு 40 அடி ஏறிவரும். மணலில் கையால் தோண்டிய ஊற்றில் குடம் குடமாக மொண்டு குடிக்கிற ஊர்கள் இந்தக் கரையில் உண்டு, அவர்கள் எடுக்கிற வேகத்துக்கு அந்தப் படலம் தாங்கும். நீச்சல்குளத்துக்கும் புல்தரைக்கும் 60 அறைக்கும் மோட்டார் போட்டு இழுக்கிற வேகத்துக்குத் தாங்காது. ஒருமுறை உப்பேறிய கிணறு திரும்ப இனிப்பதற்கு எத்தனை மழைக்காலம் ஆகும் என்று அந்தப் பெரியவர்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் விண்ணப்பத்துக்கு முன்னால் தெரிந்தால் என்ன ஆகும்? மதில் 30 அடி உள்ளே தள்ளும், பாதைக்கு 10 அடி விட்டு அதைப் படத்திலேயே குறிப்பார்கள், போர்வெல்லுக்குப் பதிலாக வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர முடியுமா என்று கணக்குப் பார்ப்பார்கள், கணக்கு கட்டவில்லை என்றால் 60 அறை 25 அறையாகும். அல்லது இந்த இடமே வேண்டாம் என்று நிலத்துக்கு முழுப்பணம் கொடுப்பதற்கு முன்பே கம்பெனி விலகிப்போகும். அதுவும் கம்பெனிக்கு லாபம்தான். சுவரைக் கட்டி, ஊர் மறியல் பண்ணி, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காகி, பாதிக் கட்டடம் மழையில் நனைந்துகொண்டு நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இறால் பண்ணை விவகாரத்தை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். தொண்ணூறுகளில் கிழக்குக் கடற்கரை முழுக்கக் கண்ட இடத்திலெல்லாம் குளம் வெட்டினார்கள். பக்கத்து வயல் உப்பாச்சு, குடிதண்ணீர் போச்சு என்று சனங்கள் கத்தினார்கள். கடைசியில் அதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ராமநாதபுரம் மண்ணில் பிறந்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது, கடற்கரை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை, பாரம்பரிய முறைப் பண்ணைகள் நீங்கலாக, அகற்றச் சொல்லி. பின்னால் 2005-ல் பண்ணைகளைப் பதிவுசெய்து நடத்த அனுமதிக்கிற தனிச் சட்டம் வந்து கதை வேறு திசைக்குப் போனது. பணம் போட்டவர், நிலம் கெட்டவர் இரண்டு பேருக்கும் நஷ்டம். குளம் வெட்டுவதற்கு முன் பக்கத்து வயல்காரரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு டெல்லி வரை போக வேண்டி வந்தது.

இதில் வில்லங்கமே இல்லையா?

நிறைய இருக்கிறது. முன்கூட்டத்தை ஆதரிக்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை.

அமெரிக்காவில் பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களின் கூட்டக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு வந்து பேசுகிறவர்கள் ஊரின் சராசரி ஆள் கிடையாது: வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், நெடுநாள் குடியிருப்பவர்கள், ஆண்கள்தான் அதிகம். பெரும்பாலானவர்கள் புதுவீடு வருவதை எதிர்த்துத்தான் பேசினார்கள். வாடகைக்கு இருப்பவர், நாளைக்கு அந்த வீட்டில் குடியேறக்கூடியவர், இவர்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை. கூட்டம் மேல் கூட்டம் வைத்து வீடு கட்டுவதையே இழுத்தடிக்கிறார்கள் என்று கலிபோர்னியாவில் 2019-ல் சட்டம் போட்டு, விதிக்கு உட்பட்ட வீட்டுத்திட்டத்துக்கு ஐந்து விசாரணைக் கூட்டத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்றாக்கினார்கள்.

நம் ஊரில் இது எந்த உருவம் எடுக்கும் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு இலவச மனைப்பட்டாவுக்கு இடம் பார்க்கும்போது, 'எங்க பக்கம் வேண்டாம்' என்று கிளம்புகிற எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். முன்கூட்டம் என்ற பெயரில் அந்தக் குரலுக்கு ஒரு மேடையும் மைக்கும் சட்டமே போட்டுக் கொடுத்தால், அதைவிட அது இல்லாமலே இருக்கலாம். அதனால் அரசின் ஏழைகள் வீட்டுத்திட்டம், மனைப்பட்டா, புயல் பாதித்த குடும்பங்களுக்கு மறுவீடு இதெல்லாம் இந்த விதிக்கு வெளியே இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு வீடு கட்டுகிறவரையும் இழுக்கக்கூடாது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்கு 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்றிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அவரைப் போய் ஊரைக் கூட்டச் சொன்னால் பக்கத்து வீட்டுப் பழைய பகையெல்லாம் அன்றைக்குத்தான் எழுந்து வரும்.

இரண்டாவது, காசு. கூட்டம் முடிந்ததும் நாலு பேரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு 'கவனித்து' அனுப்புவது. ஊருக்குச் சமுதாயக்கூடம் கட்டித் தருகிறேன், ஆழ்குழாய் போட்டுத் தருகிறேன் என்று பேரம். ஊருக்கு நல்லது நடந்தால் தப்பா என்று கேட்பார்கள். தப்பில்லை, ஆனால் சமுதாயக்கூடம் கிடைப்பது ஊருக்கு, காயப்போடுகிற இடம் போவது 30 பெண்களுக்கு. அந்தக் கணக்கு நேராகாது. இதற்கு முழு மருந்து கிடையாது. பேசியது எல்லாம் தமிழில் அங்கேயே எழுதப்பட்டு, படித்துக்காட்டப்பட்டு, ஒரு நகல் ஊராட்சியிலும் ஒரு நகல் விண்ணப்பத்தோடும் போனால் கொஞ்சம் கட்டுப்படும். பாசிப் பெண்களையும் கருவாட்டுக்காரப் பெண்களையும் தனியாக, அவர்கள் இருக்கிற இடத்துக்கே போய்ச் சந்திக்க வேண்டும் என்றும் எழுதிவைக்கலாம். சாவடியில் ஊர்த்தலைவர் முன்னால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசிவிட மாட்டார்கள்.

தாமதம் ஆகும் என்று கட்டுநர்கள் சொல்வதை நான் அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. நிலம் பேசி முடிக்கவே ஆறு மாதம் எடுக்கிற தொழிலில் இரண்டு கூட்டத்துக்கு நேரம் இல்லையா? ஆனால் கெடு வைக்க வேண்டும். இத்தனை நாளுக்குள் ஊர் வரவில்லை என்றால் வந்ததாக வைத்து மேலே போகலாம் என்று இருந்தால்தான் வேண்டுமென்றே இழுப்பவர்களுக்குப் பிடி இருக்காது.

சட்டம் வரும்வரை?

சட்டம் இல்லாவிட்டாலும் ஊர் கேட்கலாம், கம்பெனி வரலாம், தடை ஒன்றும் இல்லை. கல் ஊன்றுவதற்கு முன்பே நிலம் அளக்க ஆள் வந்திருக்கிறது என்றால் அதுதான் சரியான நேரம். புல எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகை எழுதியிருக்கிற வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்படம் மூன்றையும் பார்த்துவிடலாம், பாதையோ ஓடையோ அதில் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இல்லையென்றால் மதில் வருவதற்கு முன்பே தாசில்தாருக்கு மனு, கூடவே அந்தப் பாதையின் போட்டோ, வலை காய்கிற போட்டோ, தேதியோடு.

கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 'எங்கள் ஊராட்சியில் இத்தனை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவோ விடுதியோ போடுகிறவர், இறுதி அனுமதிக்கு வருவதற்கு முன் ஊரில் கூட்டம் வைத்துப் படத்தைக் காட்ட வேண்டும்' என்று பொதுவாக ஒரு தீர்மானம் போட்டுவைக்கலாம், எந்தக் கம்பெனியும் இன்னும் வராத நேரத்திலேயே. அந்தத் தீர்மானம் டிடிசிபியைக் கட்டுப்படுத்தாது, உண்மைதான். ஆனால் இறுதி அனுமதிக்காகக் கோப்பு ஊராட்சிக்கு வந்துதானே ஆக வேண்டும், அப்போது தலைவரோ தனி அலுவலரோ அதை எடுத்துக் காட்டலாம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்வதென்றால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அங்கே போகும்போது 'நாங்கள் அன்றைக்கே சொன்னோம்' என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை, தீர்மான எண்ணும் தேதியும் வேண்டும்.

அப்புறம் கூட்டத்துக்குக் கம்பெனிக்காரர் வந்தால் படத்தின் ஒரு நகலைக் கேட்டு வாங்கிவையுங்கள். தர மாட்டேன் என்றால் செல்போனில் போட்டோ எடுத்து, அன்றைக்கே ஊராட்சி எழுத்தரிடம் மனுவோடு கொடுத்து, மனு பெற்றதற்கு ரசீது வாங்குங்கள்.